187 பொட்காஸ்ட் சந்தாக்கள்: எதை விடுவது, எதை வைத்திருப்பது?

கேள்வி:

வணக்கம் அண்ணா. நான் மல்லாவியில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். பொட்காஸ்ட் கேட்க முதலில் மடிக்கணினியில் ஐரியூன்ஸ் பாவித்தேன், பிறகு போனில் கூகுள் பொட்காஸ்ட்ஸ். 2024 இல் கூகுள் அதை மூடியபோது சந்தாக்களை ஒரு கோப்பாக இறக்கி, கம்பஸ் நண்பி ஒருத்தி சொன்னபடி மடிக்கணினியில் ஜிபொடர் என்ற பொட்காஸ்ட் மென்பொருளில் ஏற்றினேன். ஐரியூன்ஸில் இருந்தவற்றையும் அதற்குள்ளேயே ஏற்றிவிட்டேன். இப்போது 187 சந்தா இருக்கிறது. கேட்காத பகுதிகள் 6,000 ஐத் தாண்டிவிட்டன. சில நிகழ்ச்சிகள் இரண்டு தரம் நிற்கின்றன. 256 ஜிபி டிஸ்க் சிவப்பாகிவிட்டது, டேட்டாவும் 20 ஆம் திகதியோடு முடிந்துபோகிறது. வகுப்புக்கு ஒன்றைத் தேடி எடுப்பதற்குள் பாடவேளை போய்விடும். அப்பாவுக்கு வயல் வாடியில் கேட்க பென்ட்ரைவில் போட்டுக் கொடுக்கிறேன், அவருடைய எம்பி3 பெட்டியில் ஒழுங்கு மாறி ஓடுகிறது என்று சொல்கிறார். அழிக்கவும் பயமாக இருக்கிறது. ரொறன்ரோவில் உள்ள சிலர் வன்னிக் கிராமத்து முதியவர்களோடு கதைத்து ஒரு நிகழ்ச்சி செய்தார்கள். அதில் ஒரு பகுதியில் எங்கள் பெரியம்மா கதைத்திருக்கிறா. அவ இப்போது இல்லை. அந்த நிகழ்ச்சியும் நின்றுவிட்டது. எங்கே தொடங்குவது? பேசாமல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஸ்பொட்டிபைக்குப் போகட்டா?

பதில்:

வணக்கம் ரீச்சர். இன்றைக்கு ஜிபொடரில் ஒரு சந்தாவையும் அழிக்க வேண்டாம். ஜிபொடரில் ஒரு நிகழ்ச்சியை நீக்கினால் அதற்காக இறக்கி வைத்த ஒலிக்கோப்புகளும் சேர்ந்தே போய்விடும். பெரியம்மாவின் குரல் அப்படி ஒரு கோப்பில் இருக்கக்கூடும். அதை வெளியே எடுத்துப் பத்திரப்படுத்திய பிறகுதான் மற்ற எந்த வேலையும்.

கிளிநொச்சியில் என்னிடம் வருகிற கணினிகளில் பாட்டு, படம், ஒலிப்பதிவு என்று நிரம்பி வழிகிறவை நிறைய. பெரும்பாலானவற்றில் பார்க்கிற பிழைதான் உங்களுடையதிலும் இருக்கிறது. ஒரு நிகழ்ச்சியைத் தொடர்ந்து கேட்பது ஒரு வேலை. ஒரு ஒலிப்பதிவைப் பாதுகாத்து வைத்திருப்பது வேறு வேலை. நீங்கள் இரண்டையும் சந்தா என்ற ஒன்றை வைத்தே செய்யப் பார்த்திருக்கிறீர்கள். விதைநெல்லையும் சாப்பாட்டு நெல்லையும் ஒரே மூட்டையில் கட்டினால் கடைசியில் எதை அவிப்பது, எதை விதைப்பது என்று தெரியாமல் போகும். இங்கே நடந்ததும் அதுதான்.

அழிக்கப் பயம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயத்தை நான் குறைவாக நினைக்கவில்லை. தொண்ணூறுகளில் வன்னியில் கறண்ட் இல்லை, பற்றரிக்கும் தட்டுப்பாடு. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வருகிற மின்னில்தான் வீடுகளில் தமிழோசை கேட்டார்கள். அன்றைக்குத் தவறவிட்டால் அது போனதுதான், திரும்பக் கேட்க வழியில்லை. 1941 இல் தொடங்கிய பிபிசி தமிழோசை வானொலி 2017 ஏப்ரல் 30 உடன் நின்றது. அப்படிக் கேட்டுப் பழகிய ஊரில் கிடைத்த குரலை விட மனம் வராதது இயல்பு. பொட்காஸ்ட்டில் இதைப் பார்க்க வேண்டிய விதம்தான் வேறு. ஓடிக்கொண்டிருக்கிற ஒரு நிகழ்ச்சியின் பகுதிகள் அதை நடத்துபவரின் சேவரில் இருக்கும், வேண்டிய நேரம் எடுக்கலாம். நின்றுபோன நிகழ்ச்சிக்கு அந்த உறுதி இல்லை. நடத்தியவர்கள் சேவருக்குக் காசு கட்டாமல் விட்டால் பெரும்பாலும் கோப்புகளும் போய்விடும். பட்டியலில் பெயர் மட்டும் மிஞ்சும், அழுத்தினால் ஒன்றும் வராது. ஆகவே இறக்கிப் பாதுகாக்க வேண்டியது நின்றுபோனவற்றைத்தான். ஓடிக்கொண்டிருக்கிறவற்றை ஆறுதலாக விடலாம். நீங்கள் அநேகமாக இதற்கு எதிர்மாறாகச் செய்திருக்கிறீர்கள்.

முதலில் பெரியம்மாவின் பகுதி. அதை இரண்டு இடங்களில் தேடுங்கள். ஜிபொடர் இறக்குகிறவை வழமையாக டொக்கியூமன்ற்ஸ் கோப்புறைக்குள் ஜிபொடர் என்ற கோப்புறையில், டவுன்லோட்ஸ் என்பதற்குள், நிகழ்ச்சிக்கு ஒரு கோப்புறையாக இருக்கும். மற்ற இடத்தை மறந்திருப்பீர்கள்: மியூசிக், அதற்குள் ஐரியூன்ஸ், அதற்குள் ஐரியூன்ஸ் மீடியா, அதற்குள் பொட்காஸ்ட்ஸ். ஐரியூன்ஸைத் திறக்காமல் விட்டாலும் அது அந்தக் காலத்தில் இறக்கியவை அங்கேயே கிடக்கும். டிஸ்க் சிவப்பானதற்கு ஒரு பெரிய காரணம் அங்கே இருக்கலாம். எரிச்சலில் அந்தக் கோப்புறையை அப்படியே அழித்துவிடாதீர்கள். பல நிகழ்ச்சிகளின் பட்டியலில் கடைசியாக வந்த குறிப்பிட்ட எண்ணிக்கையான பகுதிகள் மட்டுமே நிற்கும், பழையவை வெளியே தள்ளப்பட்டுவிடும். ஜிபொடருக்கு வந்துசேராத பழைய பகுதி ஐரியூன்ஸ் கோப்புறையில் கிடக்க இடமிருக்கிறது.

ஜிபொடர் கோப்புறையில் பெயர்கள் சில வேளை எழுத்தும் எண்ணுமாகக் கலந்து, பார்த்தால் விளங்காத மாதிரி இருக்கும். எம்பி3டாக் என்ற இலவச மென்பொருளில் அந்தக் கோப்புறையைத் திறந்தால் கோப்புக்குள் எழுதியிருக்கிற தலைப்பும் ஆண்டும் அட்டவணையாகத் தெரியும். அந்த நிகழ்ச்சியின் எல்லாப் பகுதிகளையும், பெரியம்மா இல்லாதவற்றையும் சேர்த்து, இந்த இரண்டு கோப்புறைக்கும் வெளியே புதிதாக ஒரு கோப்புறை திறந்து அதில் பிரதி எடுங்கள். கட் பண்ண வேண்டாம், கொப்பி பண்ணுங்கள். நிகழ்ச்சியின் பீட், அதாவது ஜிபொடர் பகுதிகளைத் தேடி எடுக்கிற இணையப் பட்டியல், இன்னும் உயிரோடு இருந்தால், உங்களிடம் இல்லாத பகுதிகளையும் இன்றே இறக்கிவிடுங்கள்.

பிறகு பெயர் மாற்றம். முதலில் திகதி, ஆண்டு முன்னுக்கு வர: 2019-08-04. அடுத்தது ஊர், அதற்குப் பிறகு கதைப்பவரின் பெயர். ஆண்டு முன்னுக்கு நின்றால் கணினி தானாகவே கால ஒழுங்கில் அடுக்கிவிடும். அதே கோப்புறையில் நோட்பாட்டில் ஒரு சிறு குறிப்பும் எழுதி வையுங்கள்: யார் கதைக்கிறார், எந்த ஊர், யாருடைய மகள், எந்த நிமிடத்தில் என்ன சொல்கிறா. பெரியம்மாவின் பகுதியைக் கேட்டுக்கொண்டே இதை எழுதலாம். இருபது வருடம் கழித்து உங்கள் பிள்ளைகளோ மருமக்களோ அந்தக் கோப்பைத் திறக்கும்போது, சொல்லித்தர ஆள் இல்லாவிட்டாலும் அது அவர்களுக்கு விளங்க வேண்டும்.

இந்தக் கோப்புறை மூன்று இடங்களில் இருக்கட்டும். ஒன்று கணினி, ஒன்று வெளியே பூட்டுகிற ஹார்ட் டிஸ்க், ஒன்று இணையத்தில். கூகுள் ட்ரைவில் 15 ஜிபி இலவசம். அதை ஜிமெயிலும் போட்டோக்களும் பங்குபோடும் என்றாலும் பேச்சு ஒலிப்பதிவுக்கு மீதி இடம் தாராளம். பென்ட்ரைவை இந்த மூன்றில் ஒன்றாகக் கணக்கெடுக்காதீர்கள். அது காவிக்கொண்டு போவதற்கு நல்லது, வைத்துப் பாதுகாக்க நம்பக்கூடாது.

இது முடிந்தால் மனம் ஆறும். இனிச் சந்தாவுக்கு வருவோம்.

ஜிபொடரின் பிரெபரன்சஸில் புதிய பகுதி கண்டால் என்ன செய்வது என்று கேட்கிற இடம் இருக்கிறது. உங்களுடையதில் அநேகமாக 'உடனே இறக்கு' என்று நிற்கும். அதைப் பட்டியலை மட்டும் காட்டும்படி மாற்றுங்கள். டேட்டா 20 ஆம் திகதியோடு முடிவதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். கணக்கைப் பாருங்கள். 128 கிலோபிட் தரத்தில் ஒரு மணித்தியாலப் பேச்சு ஏறத்தாழ 58 மெகாபைட், 64 கிலோபிட்டில் 29. உங்கள் 187 இல் 100 நிகழ்ச்சிகள் கிழமைக்கு ஒரு 40 நிமிடப் பகுதி போட்டால், 128 கிலோபிட்டில் கிழமைக்கு 3.8 ஜிபி, மாதத்துக்கு 15 ஜிபிக்கு மேல். அதையெல்லாம் கேட்பதற்குக் கிழமைக்கு 66 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். படிப்பிக்கிற ஒருவரால் முடியாத காரியம் அது. 6,000 என்ற எண் உங்களைக் குற்றவாளி மாதிரி உணர வைத்திருந்தால், அதில் நியாயமில்லை. ஒவ்வொரு நிகழ்ச்சியாக வலது பக்கம் கிளிக் பண்ணி, பகுதிகளைப் பழையதாகக் குறிக்கிற தெரிவை அழுத்துங்கள். ஒன்றும் அழியாது, எண் மட்டும் இறங்கும். வீடியோ நிகழ்ச்சி ஏதும் கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு வீடியோப் பகுதியே சில நூறு மெகாபைட் தின்னும்.

அடுத்தது சந்தாப் பட்டியலை வெளியே எடுப்பது. சப்ஸ்கிரிப்ஷன்ஸ் மெனுவில் ஓபிஎம்எல் ஆக எக்ஸ்போர்ட் பண்ணுகிற தெரிவு இருக்கிறது. கூகுளில் இருந்து நீங்கள் இறக்கியதும் இந்த வகைக் கோப்புத்தான். இதில் ஒலி இருக்காது, எதுவரை கேட்டீர்கள் என்ற கணக்கும் இருக்காது. நிகழ்ச்சியின் பெயரும் அதன் பீட் முகவரியும் மட்டும்தான். ஆனாலும் பெறுமதியானது. எது பிழைத்தாலும் இந்தக் கோப்பைக் கொண்டு 187 ஐயும் திருப்பி ஏற்றலாம். இன்றைய திகதியைப் பெயரில் போட்டு வையுங்கள்.

இனி அதே கோப்பின் ஒரு பிரதியை நோட்பாட்டில் திறந்து பாருங்கள். பார்க்கப் பயமாக இருந்தாலும் விசயம் எளிது, ஒரு வரிக்கு ஒரு நிகழ்ச்சி. வரிகளை எக்செலில் ஒட்டி அகர வரிசைப்படுத்தினால் ஒரே பெயர் உள்ளவை பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். அந்தச் சோடிகளின் முகவரியை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று எச்ரிரிபி என்று தொடங்கும், மற்றது எச்ரிரிபிஎஸ் என்று தொடங்கும். அல்லது ஒன்றில் நிகழ்ச்சி முன்பு இருந்த சேவரின் பெயர், மற்றதில் இப்போது இருக்கிற சேவரின் பெயர். உங்கள் கண்ணுக்கு ஒரே நிகழ்ச்சி. ஜிபொடர் அடையாளம் காண்பது முகவரியை வைத்துத்தான், பெயரை அது பார்ப்பதில்லை. ஐரியூன்ஸில் இருந்து ஒரு முகவரியும் கூகுளில் இருந்து இன்னொரு முகவரியும் வந்ததால் இரண்டையும் இரண்டாகவே ஏற்றிக்கொண்டது. எதை விடுவது என்று தெரிய, ஜிபொடரில் இரண்டையும் அடுத்தடுத்துத் திறந்து கடைசிப் பகுதியின் திகதியைப் பாருங்கள். புதிய பகுதி எதில் வந்திருக்கிறதோ அது நிற்கட்டும். மற்றதை நீக்க முதல் அதில் இறக்கி வைத்தது ஏதும் வேண்டுமா என்று பார்த்துப் பிரதி எடுங்கள். எக்செலில் ஒட்டியதைத் திரும்ப ஜிபொடரில் ஏற்ற முயல வேண்டாம், அது பார்ப்பதற்கு மட்டும்.

மீதியை எப்படிக் குறைப்பது? 'இது பிரயோசனமானதா' என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் ஆம் என்றுதான் மனம் சொல்லும், ஒன்றும் குறையாது. கேள்வியை இப்படி மாற்றுங்கள்: போன காலபோக விதைப்புத் தொடங்கியதில் இருந்து இன்றுவரை இந்த நிகழ்ச்சியில் ஒரு பகுதியையாவது முடியும்வரை கேட்டிருக்கிறேனா? ஆம் என்றால் நிற்கட்டும். இல்லை என்றால் அந்த நிகழ்ச்சியின் செட்டிங்ஸில் சந்தாவை இடைநிறுத்துகிற பெட்டியில் சரி போடுங்கள். அதன் பிறகு அது புதிய பகுதிகளைத் தேடாது, டேட்டாவும் போகாது, ஆனால் பட்டியலில் இருக்கும். சிறுபோகம் முடியும் வரைக்கும் ஒரு தரமாவது அதைத் தேடிப் போகவில்லை என்றால் நீக்கிவிடலாம். முகவரி உங்கள் ஓபிஎம்எல் கோப்பில் இருப்பதால் அதையும் இழந்ததாகாது. முப்பது, நாற்பது நிகழ்ச்சிக்கு மேல் மிஞ்சினால் இன்னொரு தரம் பாருங்கள் என்பது என் அபிப்பிராயம்.

மிஞ்சியவற்றை அரசியல், அறிவியல், இலக்கியம் என்று பொருள்வாரியாகப் பிரிக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். நான் அதை விரும்புவதில்லை. ஒரு நிகழ்ச்சி இரண்டு மூன்று பொருளைத் தொடும், எதற்குள் போட்டோம் என்பது ஒரு மாதத்தில் மறந்துபோகும். யாருக்காக, எந்த நேரத்தில் கேட்கப்போகிறது என்று பிரியுங்கள். உங்களுக்கு மூன்று பிரிவு காணும்: வகுப்புக்கு, அப்பாவுக்கு, எனக்கு. ஜிபொடரில் ஒவ்வொரு நிகழ்ச்சியின் செட்டிங்ஸிலும் செக்ஷன் என்ற இடத்தில் பிரிவின் பெயரை எழுதினால் பட்டியல் அப்படியே மூன்றாகப் பிரிந்து நிற்கும்.

வகுப்புப் பிரிவில் குறைவாகவும் குறுகியதாகவும் வையுங்கள். பிபிசியின் ஆங்கிலம் கற்பிக்கும் பகுதி ஆறு நிமிட நிகழ்ச்சிகளை எழுத்து வடிவத்தோடு தருகிறது. ஒரு பாடவேளைக்கு அது அளவானது, பிள்ளைகளுக்கு எழுத்தைப் பார்த்துக் கேட்கவும் பார்க்காமல் கேட்கவும் கொடுக்கலாம். நல்ல பகுதி ஒன்று அகப்பட்டால் அதை ஜிபொடருக்குள் விட்டுவைக்காமல், தவணை வாரியாக நீங்கள் திறந்த ஒரு கோப்புறைக்குப் பிரதி எடுத்துவிடுங்கள். பாடம் நடக்கும்போது ஜிபொடரைத் திறக்கவே தேவையில்லை. விஎல்சி என்ற பிளேயரில் பிளேபேக் மெனுவில் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தும் போடலாம். குரல் தடிக்காது, பின்வாங்கிலில் இருக்கிற பிள்ளைக்கும் சொல் பிரிந்து கேட்கும்.

அப்பாவின் பெட்டியில் ஒழுங்கு மாறுவது அவர் பாவிக்கிறதில் உள்ள பிழை அல்ல. மலிவான எம்பி3 பெட்டிகள் பெரும்பாலும் பெயரைப் பார்த்து ஓடுவதில்லை, எது முதலில் பென்ட்ரைவில் எழுதப்பட்டதோ அதை முதலில் ஓட்டும். நீங்கள் கொஞ்சத்தை அழித்துக் கொஞ்சத்தைச் சேர்க்கச் சேர்க்க, அழிந்த இடத்தில் புதியது போய் உட்கார்ந்து ஒழுங்கு குழம்பும். ஆகவே ஒவ்வொரு தரமும் பென்ட்ரைவை எப்ஏரி32 என்ற வகையில் போமற் பண்ணி வெறுமையாக்குங்கள். கோப்புகளுக்கு முன்னால் 01, 02 என்று போட்டு, அந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாகப் பிரதி எடுங்கள். பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள், தமிழ் எழுத்தைப் பல பெட்டிகள் கட்டம் கட்டமாகக் காட்டும். எம்4ஏ கோப்புகளை அநேகமான பெட்டிகள் ஓட்டாது. அவற்றை விஎல்சியின் கொன்வேர்ட் தெரிவால் எம்பி3 ஆக மாற்றிக் கொடுங்கள்.

இன்னொரு விசயம். இந்தப் பெட்டிகளில் பல, நிறுத்திப் போட்டால் விட்ட இடத்தை நினைவில் வைத்திருக்காது. ஒன்றரை மணித்தியாலப் பேச்சில் பாதியில் அப்பா வாய்க்கால் பார்க்க எழும்பிப் போனால், திரும்பி வந்து முதலில் இருந்துதான் கேட்க வேண்டும். எம்பி3டிரெக்ட்கட் என்ற சிறிய இலவச மென்பொருள் நீளமான கோப்பைத் தரம் குறையாமல் வெட்டித் தரும். பதினைந்து, இருபது நிமிடத் துண்டுகளாக்கினால் அவர் துண்டின் எண்ணை ஞாபகம் வைத்தாலே காணும். ஒரு தரத்துக்கு இருபது துண்டுக்கு மேல் போட வேண்டாம். கேட்டு முடித்துவிட்டு அவரே கேட்கட்டும், இன்னும் வேண்டுமென்று.

டேட்டாவுக்கு ஒரு சின்ன விசயம். உங்கள் பக்கேஜில் இரவு டேட்டா தனியாக இருந்தால், வேண்டிய பகுதிகளைப் படுக்கப் போகும் முன் தெரிந்து வைத்து, அந்த நேரம் தொடங்கியதும் இறக்க விடுங்கள். இடையில் கறண்ட் போனாலும் ஜிபொடர் பாதியில் நின்றதைத் தொடர்ந்து இறக்கும். பிரெபரன்சஸில் கிளீன் அப் என்ற பக்கத்தில், கேட்டு முடித்த பகுதிகளைச் சில நாட்களின் பின் அழிக்கும்படியும் விடலாம். பெரியம்மாவின் நிகழ்ச்சியும் வகுப்புக் கோப்புகளும் வெளியே போய்விட்டதால் இப்போது அதை நம்பி விடலாம். கேட்காதவற்றையும் அழிக்கிற தெரிவு அதன் பக்கத்திலேயே இருக்கிறது, அதில் மட்டும் சரி போட வேண்டாம். ஐரியூன்ஸ் கோப்புறையில் வேண்டியவற்றை எடுத்த பிறகு மிச்சத்தை அழித்தால் டிஸ்க் பழைய நிறத்துக்கு வந்துவிடும் என்று நினைக்கிறேன். புதிய டிஸ்க் வாங்க அவசரப்பட வேண்டாம்.

ஸ்பொட்டிபை பற்றிக் கேட்டீர்கள். புதிய நிகழ்ச்சிகளைத் தேடிக் கண்டுபிடிக்க அது நல்லது, போனில் வைத்திருங்கள். உங்கள் சேமிப்பை அங்கே கொண்டுபோக வேண்டாம். அதில் இறக்கியது அந்த அப்புக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும், பென்ட்ரைவுக்கு எடுக்க முடியாது, அப்பாவின் பெட்டிக்குப் போகாது. சந்தாப் பட்டியலை ஓபிஎம்எல் ஆக வெளியே எடுக்கவும் அது இடம் தருவதில்லை. கூகுள் மூடியபோது நீங்கள் தப்பியதே அந்த ஒரு கோப்பால்தான். போனிலும் கேட்க வேண்டுமென்றால் அண்ட்ராய்டில் அன்ரெனாபொட் என்ற பொட்காஸ்ட் அப்பைப் போட்டு, குறைத்து முடித்த பட்டியலை அதில் ஏற்றுங்கள். 187 ஐயும் அங்கேயும் ஏற்றிவிடாதீர்கள்.

கடைசியாக, அந்த ரொறன்ரோ நிகழ்ச்சியைச் செய்தவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். அதன் மின்னஞ்சல் முகவரி பெரும்பாலும் பீட்டுக்குள்ளேயே இருக்கும், பீட் முகவரியை பிரவுசரில் திறந்து அட் (@) அடையாளத்தைத் தேடினால் அகப்படும். பெரியம்மாவின் பகுதியின் தலைப்பையும் திகதியையும் குறிப்பிட்டு, வெட்டாத முழு ஒலிப்பதிவு இன்னும் அவர்களிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். நிகழ்ச்சிக்காக ஒரு மணித்தியாலம் கதைத்து அரை மணித்தியாலம் போடுவது வழமை. மிச்சம் யாரோ ஒருவரின் டிஸ்க்கில் இருக்கலாம். அவர்கள் கணினி மாற்ற முதல் கேட்டுவிடுங்கள்.